அம்மா கேட்ட டிவிடி

என் அன்புத் தம்பி செல்வத்துக்கு,

"நலமா?" என்றுதான் கை முதலில் எழுதியது. ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து உனக்கு அப்படித்தான் எழுதிப் பழக்கம். எழுதிவிட்டு அடித்தேன். சித்திரையில் போனாய், இப்போது மார்கழி. எட்டு மாதமாக உன்னிடம் மனசுக்குள்ளேயே பேசிப் பேசி அலுத்துப்போய் இன்று பேனாவை எடுத்துவிட்டேன்.

நாற்பத்து நாலு வயதில், ஆத்தூர் ரோட்டில், நெஞ்சு வலித்ததும் வண்டியை ஓரம் கட்டி, சைடு ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு உட்கார்ந்திருக்கிறாய். பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில் சாவி எதற்குடா? யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா? இதை இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். நீ பார்த்த கேபிள் லைனை இப்போது செம்பட்டிக்காரர் ஒருவர் பார்க்கிறார். மழைக்கு அறுந்தால் மறுநாள்தான் வருகிறாராம். சித்தையன்கோட்டையில் உன் பெயரைச் சொல்லித்தான் அவரைத் திட்டுகிறார்கள். என் மகன் கார்த்தி கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். உன் மச்சானுக்கு முழங்கால் வலி. நான் அதே ஸ்கூல், அதே ஒன்பதாம் வகுப்பு, அதே அல்ஜீப்ரா. எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கு இல்லை. ஒரு டிவிடிக்காக எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்கிறவள் நான் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், உன்னை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். ஊரே போனில் படம் பார்க்கிறது, நீ மட்டும் வெற்று டிவிடி வாங்கிவந்து அம்மாவுக்காக ரைட் பண்ணிக்கொண்டிருப்பாய். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்று ஒவ்வொரு டிவிடியிலும் மார்க்கரால் படம் வரைந்து வைப்பாய். விளக்கு வரைந்திருந்தால் சாமி பாட்டு, மீசை வரைந்திருந்தால் பழைய படம். ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று தெரிய அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. "இந்தக் காலத்துல எவன்டா டிவிடி ரைட் பண்றான்?" என்று நான் கேட்டால், "டீச்சரக்கா, உங்களுக்கு நூறு பட்டன் வேணும். எங்கம்மாவுக்கு ஒரு பட்டன் போதும்" என்பாய். எங்கம்மா என்று சொல்வாய், நான் ஏதோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

நீ போன பிறகு அம்மா அந்த வீட்டை விட்டு வர மறுத்துவிட்டாள். திண்டுக்கல்லுக்கு வந்து எங்களோடு இரு என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "அவன் சட்டையெல்லாம் இங்கன கெடக்கு, நான் எங்க வாரது?" என்றாள். சரியென்று சனிக்கிழமை தோறும் நான் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, செம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து சித்தையன்கோட்டைக்குப் போய் வருவேன். குழம்பும் வெஞ்சனமும் வைத்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

ஆவணியில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்றார். அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, சின்னாளப்பட்டி தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"ஏத்தா வசந்தா. கார்த்தி காதுகுத்துல தம்பி இருப்பான்ல, அதை எனக்கு ஒரு டிவிடியாப் போட்டுக் குடு. கண்ணு இருக்கும்போதே அவனை ஒருக்கா பெரிசாப் பாத்துக்கிறேன்."

காதுகுத்து வீடியோ அம்மாவுக்கு ஏன் வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நீ கேமராவுக்குப் பின்னால் நிற்பவன். அந்த ஒரு நாள் மட்டும் தாய்மாமன் என்று உன்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். புது வேட்டி, கழுத்தில் மாலை, மடியில் கார்த்தி. ஸ்டுடியோக்காரர் அப்போது கொடுத்த டிஸ்க் பூஞ்சை பிடித்துப்போக, நீதான் எப்படியோ அதை மீட்டு உன் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தாய்.

"அதுக்கு எதுக்கும்மா டிவிடி? என் போன்லயே காட்டுறேன்" என்றேன்.

"போன்ல அவன் கட்டை விரல் அளவு தெரியுறான்."

"அப்ப எங்க வீட்டுக்கு வா. டிவியில பென் டிரைவ் சொருகிப் போட்டுக் காட்டுறேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒவ்வொரு வாட்டியும் உங்கிட்டயும் மருமகன்கிட்டயும் வந்து நின்னு கேக்கணுமா? எம்புள்ளையப் பாக்க எனக்கு இன்னொருத்தர் தயவு வேணுமா?"

ஒரு டிவிடிதானே, அடுத்த சனிக்கிழமை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை உன் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் டிவிடி போடும் இடமே இல்லை. பிறகு உன் பீரோவில், நீ டிவிடி எழுத வைத்திருந்த அந்தக் கறுப்பு டிரைவைக் கண்டுபிடித்தேன். அதன் ஒயர் ஒரு முனையில் இரண்டாகப் பிரிந்து இரண்டு தலையோடு இருந்தது. ஒன்றை லேப்டாப்பில் சொருகினேன், விளக்கு எரிந்தது. அடுத்த தலை உபரி என்று விட்டுவிட்டேன். டிவிடி சுற்றியது. பதினொரு சதவீதம் போனதும் டிக் டிக் என்று சத்தம் கேட்டு நின்றது. திரும்பப் போட்டேன், எட்டிலேயே நின்றது. மூன்று டிவிடி வீண். "இதைப் போய் வாங்கி வச்சிருக்கான் பாரு" என்று உன்னைத்தான் திட்டினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "திட்டாதத்தா, அவன் கைக்கு அது கேக்கும்" என்றாள்.

திங்கட்கிழமை எங்கள் ஸ்கூல் கம்ப்யூட்டர் டீச்சர் ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு தலையையும் சொருகினீங்களா டீச்சர்?" என்பதுதான். ஒரு தலையில் வரும் கரண்டு டிவிடியைச் சுற்றப் போதும், எழுதப் போதாதாம். எழுதும்போது டிரைவ் கூடுதலாகக் கரண்டு இழுக்கும், கிடைக்காவிட்டால் பாதியில் நின்றுவிடும் என்றார். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இரண்டு தலை எதற்கு என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தலையையும் சொருகினேன். எழுபத்திரண்டு சதவீதம் வரை போய்த் தோற்றது. ஜெசிந்தாவுக்குப் போன் போட்டால், "ஸ்பீடு எட்டுல இருக்கும், நாலுக்கு இறக்குங்க" என்றார். இறக்கினேன். தம்பி, அன்று அது நூறைத் தொட்டது. தட்டு தானாக வெளியே வந்தது. நானே டிவிடியை எடுத்து, உன்னை மாதிரியே மார்க்கரால் அதில் ஒரு காது வரைந்தேன். அம்மா முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

டிவிடி பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டியது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். திரும்பவும் அதேதான். அம்மா பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "விடுத்தா, பாவம், அதுக்கும் வயசாயிருச்சு" என்றாள். எனக்கு அம்மா மேல் எரிச்சல், உன் மேல் எரிச்சல், அந்தப் பெட்டி மேல் எரிச்சல். ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டிரைவின் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு வரக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

என்ன தப்பு என்று திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. வீடியோ ஃபைலை அப்படியே காப்பி பண்ணினால் லேப்டாப்புக்குப் புரியும், பழைய பிளேயருக்குப் புரியாது. பிளேயருக்குப் புரிகிற மாதிரி வீடியோ டிவிடியாக மாற்றி எழுத வேண்டும். அதற்கான புரோகிராமை ஜெசிந்தா என் கண் முன்னாலேயே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். இனி ஒரே ஒரு சனிக்கிழமை போதும்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. காலாண்டுப் பரீட்சை, நூற்று இருபது பேப்பர். "லீவு விடட்டும்மா, வந்து போட்டுத் தாரேன்" என்று போனில் சொன்னேன். "சரித்தா, உன் சோலியப் பாரு" என்றாள் அம்மா. லீவு விட்டதும் உன் மச்சானுக்குக் காய்ச்சல். அப்படியே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தை நான் இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

ஐப்பசியில் போய் டிரைவைத் திண்டுக்கல்லுக்கே எடுத்து வந்தேன். இரண்டு தலையையும் சொருகினேன், ஸ்பீடு நாலு வைத்தேன், புது புரோகிராமைத் திறந்தேன். எல்லாம் சரி. ஆனால் இந்த முறை டிவிடி உள்ளே இருப்பதே அதற்குத் தெரியவில்லை. 'டிஸ்க்கைச் செருகவும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு கம்பெனி டிவிடி வாங்கினேன். புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். உன் மச்சான் ஆபீஸ் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார், எது தப்பென்று தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள், கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு வாரம் அதில் போனது.

அந்த நாலு வாரமும் அம்மா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. நான்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு வருவேன்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். தட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தட்டின் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அதன் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம்.

"யாரு மேடம் இதுக்குப் பொட்டு வச்சது?" என்றார். அவர் சிரிக்கவில்லை. எல்லாக் கடையிலும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள், ஆனால் பெட்டிக்கு மேலே வைப்பார்கள், லென்ஸில் வைத்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அந்த லென்ஸ் வழியாகத்தான் டிரைவ் டிவிடியைப் பார்க்குமாம். அது மறைந்திருந்தால் எத்தனை புது டிவிடி போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அங்கேயே பிளாட்பாரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்தினேன். "யாரும்மா அதுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது? ஒரு மாசமா நான் லோல்படுறேன். துக்க வீட்டுல இந்த வருசம் பூசையே கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா மெதுவாகப் பேசினாள்.

"பூசை பண்ணலத்தா. சூடம்கூடப் பொருத்தல. வருசா வருசம் அவன் சாமானுக்கெல்லாம் நான்தான வச்சு விடுவேன். கட்டிங் பிளேயரு, டெஸ்டரு, ஏணி, எல்லாம் வெறும் நெத்தியா கெடந்துச்சு. பொட்டு மட்டும் வச்சேன். இது தெறந்து கெடந்துச்சா, நெத்தி எதுன்னு தெரியல. தடவிப் பாத்தேன். வழவழன்னு கண்ணு மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதுல வச்சுட்டேன்."

தடவிப் பார்த்தேன் என்று அம்மா சொன்னாள், செல்வம். என் காதில் அது விழத்தான் செய்தது. ஆனால் கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. "சரி, வையி" என்று போனை வைத்துவிட்டேன்.

கடைக்காரர் பஞ்சுக் குச்சியில் ஏதோ திரவம் தொட்டு, பத்து நிமிஷம் பொறுமையாகத் துடைத்துக் கொடுத்தார். "மெதுவா ரைட் பண்ணுங்க. முடிஞ்சதும் அவசரப்பட்டு எடுத்துறாதீங்க, பைனலைஸ்னு ஒண்ணு ஓடும். அது முடிஞ்சாத்தான் பிளேயருல பாடும்" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அப்படியே செய்தேன். எங்கும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் முதல் பஸ். அம்மா குளித்து முடித்திருந்தாள். பிளேயரில் டிவிடியைப் போட்டதும் நீலத் திரை போய், ரோஜாப்பூ கொட்டி, பிள்ளையார் வந்து, கார்த்தி பெயர் வந்தது. எனக்குக் கண் கலங்கியது. "ஓடுதும்மா" என்றேன். அம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கோயில் வாசல் வந்தது. பந்திக்கு இலை போட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா திடீரென்று முகம் மலர்ந்து சொன்னாள்.

"வந்துட்டான் பாரு. மாலையும் அதுவுமா எம்புட்டு லட்சணமா இருக்கான்."

திரையில் இருந்தது கிடா, தம்பி. வெட்டுவதற்கு முன்னால் மாலை போட்டு நிறுத்தியிருந்த கறுப்புக் கிடா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாய். கேலி செய்யத் திரும்பினேன். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. டிவிக்குப் பக்கத்து ஜன்னலில் வெயில் அடித்தது. அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கையை அம்மா முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டினேன். இமைக்கவில்லை.

"அம்மா" என்றேன்.

என் குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போனது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்ப இருந்தும்மா?"

"ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னாடி. ஒரு கண்ணு அதுக்கு முன்னாடியே இல்ல. மத்ததுல நெழலாத் தெரிஞ்சுச்சு. பெறகு அதுவும் போயிருச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்னையத் திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போயிருவ. இந்த வீடு எனக்குத் தடம் தெரியும். உங்க வீடு தெரியாது."

அம்மா அடுப்படிக்குப் போனதும் காப்பி போட்டதும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் எல்லாம் தடவித் தடவித்தான். நான் வாரா வாரம் வந்து, எதிரே உட்கார்ந்து, அந்தக் காப்பியைக் குடித்திருக்கிறேன். கணக்கு நோட்டில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள், பெற்ற தாயின் கண்ணைப் பார்க்கவில்லை.

காது வரைந்த அந்த டிவிடியைப் பிளேயருக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தால், அம்மாவுக்கு அப்போது பார்வை இருந்தது. அடுத்த சனிக்கிழமை நான் போயிருந்தால்கூட இருந்தது. உன்னைப் பார்த்திருப்பாள். நூற்று இருபது பேப்பரைத் திருத்திவிட்டு வந்தேன், அதற்குள் முடிந்துவிட்டது. இதை நான் யாரிடம் சொல்லி அழுவது? உன்னிடம்தான் சொல்ல முடியும். நீதான் இல்லை.

அழுதேன். அம்மா என் தலையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "விடுத்தா. பாக்க முடியாட்டி என்ன? அவன் பேசுறதையாச்சும் கேப்பம்னுதான் உக்காந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அவன் பேசவே இல்லையே. பாட்டாத்தான ஓடுது" என்றாள்.

எழுந்து பார்த்தேன். நீ திரையில் இருந்தாய். கார்த்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கத்தக் கத்த, ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாய். உன் வாய் அசைந்தது. ஸ்டுடியோக்காரர் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். எல்லாக் காதுகுத்துக்கும் அப்படித்தானே போடுவார்கள், நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒன்றரை மணி நேர வீடியோவில் உன் குரல் ஒரு சொல்கூட இல்லை.

டிவியை நிறுத்திவிட்டேன். சாப்பிடாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து உன் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் 'அம்மா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உன் போனில் எடுத்தவை. முதல் வாரமே அதைத் திறந்து பார்த்து, ஒன்றில்கூட உன் முகம் இல்லை, எல்லாம் அம்மாதான் என்று மூடி வைத்திருந்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அம்மா கீரை ஆய்கிறாள், நீ பேசுகிறாய். அம்மா கோழியை விரட்டுகிறாள், நீ சிரிக்கிறாய். உப்புக் கூடிப்போன குழம்புக்கு இருவரும் முக்கால் நிமிஷம் சண்டை போடுகிறீர்கள். முப்பத்தெட்டு நிமிஷம் நீதான் பேசிக்கொண்டிருந்தாய்.

ஒரே தடவையில் எழுதியது. ஸ்பீடு நாலு, இரண்டு தலை, பைனலைஸ். டிவிடியில் படம் எதுவும் வரையவில்லை. ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டேன், விரலுக்குத் தெரியும்படி.

போன சனிக்கிழமை அதைப் போட்டேன். என்ன வரப்போகிறது என்று அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் சேவல் சத்தம். பிறகு நீ, காதுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. "எம்மா, இங்கிட்டுப் பாரு. அங்க இல்ல, இங்கிட்டு."

அம்மா முகத்தைத் திருப்பினாள், செல்வம். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, உன் குரல் வந்த பக்கமாக நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கீரையும் கோழியும் சண்டையும் எல்லாம் ஓடியது. சில இடத்தில் சிரித்தாள். கடைசித் துண்டில் நீ வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம். "எம்மா, சாப்டியா?" என்கிறாய். திரையில் இருக்கிற அம்மா, "அப்பவே ஆச்சுய்யா" என்று சொல்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அதே நேரத்தில் உனக்குப் பதில் சொன்னாள்.

"இன்னும் இல்ல அப்பு."

அப்போதுதான் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டில் எலும்புதான் இருக்கிறது. நான் வாரா வாரம் வைத்துவிட்டு வரும் குழம்பை யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தனியாகச் சோறு இறங்கவில்லையாம்.

தம்பி, அம்மாவை அந்த வீட்டை விட்டு நான் கிளப்பப் போவதில்லை. உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். தை பிறந்ததும் நாங்கள் இருவரும் அங்கேயே வந்துவிடுகிறோம். அதுவரைக்கும் ஸ்கூல் விட்டதும் நான் தினமும் போய், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வருகிறேன். கண்ணுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதற்கு நேரம் இருந்தபோது நான் செய்யவில்லை. இதை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த டிவிடி ஓடும்போதெல்லாம் நீ அம்மாவிடம் சாப்டியா என்று கேட்பாய். இனிமேல் நீ கேட்கும்போது அம்மா சாப்பிட்டிருப்பாள்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
வசந்தா அக்கா